முதலாளிக்குப் பக்கத்தில் நின்றவர்

எங்கள் சூலூரில் தறிச் சத்தம் நின்றால்தான் ஊருக்குத் தூக்கம் கலையும். கரண்டு போய்விட்டது என்று அர்த்தம். ஆட்கள் குடோனை விட்டு வாசலுக்கு வருவார்கள். கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருக்கும் முதலாளி, வந்தவரிடம் பெருமை பேசத் தொடங்குவார்.

"நம்ம தறித் துணி பம்பாய் வரைக்கும் போகுதுங்க."

பக்கத்தில் நோட்டும் கையுமாக நிற்கும் கணக்குப்பிள்ளை முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் சொல்வார்: "போகுதுங்க. போனதுல பாதி திரும்பியும் வந்துருதுங்க."

முதலாளி கோபிக்க வழியில்லை. மரியாதையில் ஒரு குறையும் இல்லையே. கேட்டவர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். பெரிய மனிதர்களுக்குப் பக்கத்தில் இப்படி ஓர் ஆள் நிற்பது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான் என்று நினைத்திருந்தேன். அவரைச் சினிமாவிலும் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

மணிவண்ணன் என்ற பெயர் எனக்கு முதலில் பயமாகத்தான் அறிமுகமானது. காதுகுத்து வீடுகளில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போடுகிற காலம். ஓர் இரவு 'நூறாவது நாள்' ஓடியது. 1984-இல் வந்த படம். மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாக சத்யராஜ் வந்து நின்றதும் நான் பாயைச் சுருட்டிக்கொண்டு பாட்டி, எங்கள் அமுச்சியின் மடிக்குப் போய்விட்டேன். அதன்பிறகு பல இரவுகள் கொல்லைப்புறப் பொடக்காளிக்குப் போக எனக்குத் துணை வேண்டியிருந்தது. தாத்தா, எங்கள் அப்பாரு, சிரித்தார்.

"இந்தப் படத்த எடுத்தவரு நம்மூர்க்காரரு கண்ணு. மொட்டையும் கோயமுத்தூர்தான். ரெண்டு பேரும் காலேஜ் சிநேகிதம்."

மீதிக் கதையை பேக்கரி வாசல் பெஞ்சில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அரசு கலைக் கல்லூரியில் படிக்கும்போது அந்த நட்பு. 1978-இல் 'கிழக்கே போகும் ரயில்' பார்த்துவிட்டு மணிவண்ணன் பாரதிராஜாவுக்கு நூறு பக்கத்துக்கு மேல் கடிதம் எழுதினாராம். 'கல்லுக்குள் ஈரம்' படப்பிடிப்புச் சமயத்தில் அவரிடமே உதவியாளராகச் சேர்ந்துவிட்டார். 1980-இல் 'நிழல்கள்', அடுத்த ஆண்டு 'அலைகள் ஓய்வதில்லை' என்று குருநாதருக்கு எழுதிக் கொடுத்தார். 1982-இல் 'கோபுரங்கள் சாய்வதில்லை' படத்தின் மூலம் தானே இயக்குநர் ஆனார்.

பெஞ்சிலிருந்த பெரியவர்களுக்கு இதில் ஓர் ஆதங்கமும் உண்டு. "அவரு எதுக்குங்க மெட்ராசுக்குப் போவோணும்? ஸ்டுடியோ இங்கயே இருந்துச்சே!" திருச்சி ரோட்டில் சூலூரிலிருந்து கோவைக்குப் போகிற வழியில்தான் சிங்காநல்லூர். அங்கே சென்ட்ரல் ஸ்டுடியோ இருந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' 1947-இல் அங்கே உருவான படம். அதற்கு வசனம் எழுதியவர்களில் இளைஞர் கருணாநிதியும் ஒருவர். இன்னொரு பக்கம் பட்சிராஜா ஸ்டுடியோ 1954-இல் 'மலைக்கள்ளன்' தந்தது. பிறகு தொழில் மொத்தமும் சென்னைக்கு நகர்ந்தது. எங்கள் தலைமுறைக்கு மிஞ்சியது கணக்குப்பிள்ளையின் அந்தப் பேச்சு மட்டும்தான். அதைத்தான் மணிவண்ணன் ரயிலேற்றிக் கொண்டுபோனார் என்று இப்போது தோன்றுகிறது.

1988-இல் பாரதிராஜா 'கொடி பறக்குது' படத்தில் ரஜினிக்கு எதிரே அவரை வில்லனாக நிறுத்தினார். அந்த முகத்துக்கு உருட்டி மிரட்டுவதைவிட ஒதுங்கி நின்று பேசுவது இன்னும் பொருந்தும் என்பதை, 1994-இல் அவரே இயக்கிய 'அமைதிப்படை'தான் எனக்குக் காட்டியது.

அப்பாவோடு தியேட்டரில் பார்த்தேன். கோயிலில் தேங்காய் பொறுக்கித் திரிகிற அமாவாசையைத் தேர்தலில் நிறுத்துகிறார் அரசியல்வாதி மணிமாறன், அதாவது மணிவண்ணன். வாக்கு எண்ணிக்கை நடக்கிறது. நாற்காலி நுனியில் ஒடுங்கி உட்கார்ந்த அமாவாசை, முன்னிலை ஏற ஏறப் பின்னால் சாய்கிறான். சத்யராஜின் உடம்பு விறைப்பதைப் பார்த்துத் தியேட்டரே விசிலடித்தது. என் கண் பக்கத்தில் இருந்த மணிமாறன் மேல்தான். தான் கைதூக்கிவிட்டவன் தனக்கே முதலாளி ஆவது அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உறைக்கிறது. அதன்பிறகு படம் முழுக்க அவர் கூடவே நிற்கிறார், கும்பிடுகிறார், கும்பிட்டபடியே குத்துகிறார். படத்தின் சொந்தக்காரர் தனக்கென்று எடுத்துக்கொண்டது நாற்காலியை இழந்தவரின் வேடம். அங்கிருந்துதான் எல்லாம் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு வீட்டுக்குள் கேபிள் ஒயர் வந்தது. சினிமாவே பார்க்காத அமுச்சிகூட, 'அவ்வை சண்முகி'யில் சண்முகி மாமியை நினைத்து உருகும் முதலியாரைக் கண்டால் முருங்கைக்கீரை ஆய்வதை நிறுத்திவிடுவார். "ஏஞ்சாமி, இந்த மனுசனுக்கு இந்த வயசுல இது தேவையா?" என்று உரிமையோடு திட்டுவார். 1999 என்ற ஒரே ஆண்டை எடுத்துக்கொண்டால் போதும். 'படையப்பா'வில் சொத்துக்காகக் குடும்பத்தைப் பிரிக்கிறவர். 'முதல்வ'னில் முதல்வருக்குப் பின்னால் கோப்போடு ஓடும் உதவியாளர் மாயகிருஷ்ணன். 'சங்கம'த்தில் கிராமியக் கலையை உயிராக நினைக்கும் ஆவுடைப் பிள்ளை. மூன்றும் மூன்று ஆட்கள். குரலை உயர்த்தாமல், பேச்சை நடுவில் லேசாக இழுத்து, முடிவில் பொட்டென்று போடுகிற லாகவம் மட்டும் எங்கள் ஊர்க்காரருடையது.

கவுண்டமணியும் எங்கள் பக்கத்தவர்தான், உடுமலை அருகே வல்லகுண்டாபுரம். ஆனால் அவர் முதலாளியை நேராகவே மிதிப்பார். மணிவண்ணன் குடை பிடித்துக்கொண்டே காலை வாருவார். கொங்கு நக்கலில் இரண்டு வகையும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் நெருக்கம். கூலி வாங்குகிறவன் வேலையும் போகாமல், உண்மையையும் சொல்லிவிட அதுதான் வழி.

மணிவண்ணன் இயக்கியது 50 படங்கள், நடித்தது நானூறுக்கு மேல் என்பார்கள். கடைசியாக இயக்கியது, அதே அமாவாசையைத் திரும்ப அழைத்து வந்த 'நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ.' அது வெளியானது 2013 மே மாதம். ஜூன் 15-ஆம் தேதி அவர் போய்விட்டார். அறுபதுகூட ஆகவில்லை.

தேர்தல் முடிவு நாளில் தொலைக்காட்சியில் வென்றவருக்கு மாலை விழும்போது வீட்டில் எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். நான் அவருக்கு இடப்பக்கம் சால்வையை வாங்கி மடிக்கிற ஆளைத் தேடுவேன். உள்ளே என்ன நடந்தது என்று அவரைக் கேட்டால் சொல்வார், முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல்.