மூன்று கோய் மீன்களும் அப்பாவின் பேணியும்

மெல்பர்னில் இருக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு ஆசை காட்டிவிடாதீர்கள். விக்டோரியாவில் அனுமதி இல்லாமல் உயிருள்ள கோய் மீனை வைத்திருப்பதே குற்றம். நியூ சவுத் வேல்ஸில் வீட்டுக் குளத்தில் வளர்க்கலாம். ஆல்பரியில் செல்லப்பிராணி, பாலம் தாண்டி வொடொங்காவுக்குப் போனால் தடைசெய்த மீன்.

காரணம் இல்லாமல் இல்லை. கோய் என்பது நிறத்துக்காகத் தேர்ந்து வளர்த்த கெண்டைதான், வேறு இனம் அல்ல. 1960களில் விக்டோரியாவின் பூலாராப் பக்கம் வளர்த்த கெண்டை ஆற்றுக்குள் போய், 1970களின் வெள்ளங்களோடு மரே-டார்லிங் ஆறுகள் எங்கும் பரவிவிட்டது. அடிச்சேற்றைக் கிளறிக் கிளறித் தின்பதால் தண்ணீர் கலங்கி, உள்ளூர் மீன்களுக்கு இடமில்லாமல் போகிறது. அதனால் எங்கள் மாநிலத்திலும் வளர்க்கலாமே தவிர, வேண்டாமென்று ஓடையில் விடக்கூடாது. மெல்பர்னில் இருக்கும் மச்சாளின் மகனுக்குத் தங்கமீன் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு அங்கே தடை இல்லை.

நாங்கள் இருப்பது டூங்காபியில். அம்மா போன பிறகு அப்பா எங்களோடு வந்துவிட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடம், நாங்கள் இருவரும் வேலை. பகல் முழுக்க அவர் தனிய. பின்வளவில் ஒரு குளம் கட்டினால் என்ன என்று என் கணவர்தான் கேட்டார். 3,500 லிட்டர், ஆழம் 1.1 மீட்டர். ஒரு கோய்க்கு ஆயிரம் லிட்டராவது வேண்டும் என்பது வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு. அந்தக் கணக்கில் மூன்றுக்கு மேல் எங்களுக்கு இடமில்லை. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இன்னொன்று: அலங்காரக் குளத்தை இங்கே சட்டம் நீச்சல் குளமாகப் பார்ப்பதில்லை, வேலி கேட்காது. ஆனால் ஒரு சின்னப் பிள்ளை மூழ்க ஒரு சாண் தண்ணீரே போதும். நாங்கள் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஆள் ஏறி நின்றாலும் தாங்கும் இரும்பு வலை போட்டோம்.

குளம் நிறைந்த அன்றே மீன் வேண்டுமென்று சின்னவள் அழுதாள். ஆறு வாரம் ஆகும் என்றேன். அவளுக்கு அது ஆறு வருடம்.

சிட்னியில் பல இடங்களில் குழாய்த் தண்ணீரில் குளோரமைன் இருக்கிறது. குளோரின் என்றால் ஓரிரு நாள் வெயிலில் விட்டால் போய்விடும். குளோரமைன் அப்படிப் போகாது, மருந்து போட்டுத்தான் முறிக்க வேண்டும். அதன் பிறகு பில்டரில் பாக்டீரியா வளர வேண்டும். மீனின் செவுளிலிருந்து அமோனியா வந்துகொண்டே இருக்கும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு, மூன்றாவது அவ்வளவு மோசமில்லை. மீனே இல்லாத குளத்தில் பம்பை ஓடவிட்டு, அமோனியாவை அளந்து விட்டு, தினமும் சோதனைக் குழாயில் நிறம் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும். புதுக் கோய் சாவது பெரும்பாலும் இந்த வாரங்களைத் தாண்டிக் குதித்த வீடுகளில்தான்.

மீன் வந்த பிறகும் நேரே குளத்துக்குள் விடவில்லை. பையோடு கால் மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும், மீனை மட்டும் எடுத்து, பைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒரு பெரிய தொட்டியில் நாலு வாரம் தனியாக வைத்தோம். குளத்து பில்டரில் ஊறிய ஒரு ஸ்பாஞ்சை அந்தத் தொட்டி பில்டருக்கும் போட்டோம். ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் வேறொன்றும் கலக்காத உப்பு. நைட்ரைட் ஏறினாலும் அது மீனைக் கொஞ்சம் காக்கும். உடம்பை எதிலாவது உரசுகிறதா, துடுப்பை ஒடுக்கி வைத்திருக்கிறதா, செதிலில் நூல்போல ஒட்டுண்ணி தொங்குகிறதா என்று பார்ப்பதுதான் அந்த நாலு வாரமும் வேலை.

பார்க்கும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். கூடவே சாப்பாடு போடும் வேலையையும்.

எங்கள் ஆட்களுக்கு அன்பு என்றாலே சாப்பாடுதானே. வீட்டுக்கு வந்தவரிடம் முதல் கேள்வியே அதுதான். கோய் வேறு ஆள் நிழல் கண்டாலே மேலே வந்து வாயைத் திறக்கும். குளத்துக்கு மாற்றிய இரண்டாவது கிழமை அமோனியாக் குழாய் மஞ்சளுக்குப் பதிலாகப் பச்சை காட்டியது. அன்றைக்கே கால்வாசித் தண்ணீரை மாற்றினோம். குளோரமைனுக்கு மருந்தும் போட்டோம்.

"அப்பா, இண்டைக்கு எத்தினை தரம் போட்டனீங்கள்?"

"பாவம் பிள்ளை, அதுகள் பசியிலை வாயைத் திறக்குதுகள்."

"அதுகளுக்கு இரைப்பையே இல்லையப்பா."

"இரைப்பை இல்லாத சீவனோ? அப்ப திண்டது எங்கை போகுது?"

"தண்ணிக்குள்ளதான்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கெண்டை இனத்துக்கு இரைப்பை கிடையாது. சேர்த்து வைக்க இடமில்லாததால் எப்போதும் தேடிக்கொண்டே இருக்கும். அதிகமாகப் போட்டால் அவ்வளவும் கழிவாகி, அமோனியாவாகி, அதே தண்ணீரில்தான் கிடக்கும். வெயிலில் அது இன்னும் கொடியது. தண்ணீர் சூடாக ஆக அமோனியாவின் நஞ்சு கூடும், கரைந்திருக்கும் ஆக்சிஜனோ குறையும். 10 டிகிரியில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் அளவில் கரைவது, 30 டிகிரியில் ஏழரைதான். 2020 ஜனவரி 4ஆம் தேதி பென்ரித்தில் 48.9 டிகிரி அடித்த நகரம் இது. நிழல் துணியும் காற்றுப் பம்பும் இல்லாமல் மேற்கு சிட்னியில் கோய் வளர்க்கக் கூடாது என்பது என் கட்சி.

ஆனால் அப்பாவிடம் போய் "இனிச் சாப்பாடு போடாதேங்கோ" என்று எப்படிச் சொல்வது? அம்மா போனபின் அந்த மனிதர் வெளியே இறங்கியதே இந்த மூன்று மீனுக்காகத்தான். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு ஒரு சின்னப் பேணி வாங்கினேன். காலையில் மூத்தவன் அதில் அன்றைக்கு உரியதை அளந்து வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போவான். அப்பா ஒரே நேரத்தில் போட்டாலும் சரி, ஐந்து தரமாகப் பிரித்துப் போட்டாலும் சரி, பேணி முடிந்தால் முடிந்தது. ஐந்தாகப் பிரித்துப் போடுவதுதான் மீனுக்கும் நல்லது.

குழாயின் நிறம் பார்ப்பதையும் அவரிடமே கொடுத்தோம். பழைய டயரியில் தேதி, வெப்பநிலை, அமோனியா, நைட்ரைட் எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கிறது. பிள்ளைகள் தமிழ் எண்ணுப் பெயர்களை அந்த டயரியிலிருந்துதான் வாசித்துப் பழகுகிறார்கள். 'சுழியம்' என்ற சொல் சின்னவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அமோனியா சுழியம், நைட்ரைட் சுழியம் என்று வீடு முழுக்கப் பாடித் திரிகிறாள்.

தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே போனதும் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும், 10க்குக் கீழே அறவே நிறுத்த வேண்டும். குளிரில் அதுகளுக்குச் செரிக்காது. போன ஜூலையில் ஒரு காலை 9 டிகிரி. மகன் வெறும் பேணியை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அப்பா தன் தேத்தண்ணியோடு குளத்தடியில் போய் உட்கார்ந்து, அடியில் அசையாமல் கிடந்த மூன்றையும் பார்த்து, "இண்டைக்கு உங்களுக்கு விரதம்" என்றார்.