ராமானுஜன் விட்ட எண்ணும் நான் மறைத்த விடையும்

என்னிடம் படித்த பையன் ஒருவன் சரியாகக் கண்டுபிடித்ததைத் தவறு என்று சொல்லி அனுப்பினேன். சரிதான் என்று தெரிந்த பிறகும் அவனிடம் போய்ச் சொல்லவில்லை. இதில் இரண்டாவதுதான் பெரிய குற்றம்.

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் வீட்டு மாடியில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள்தான் பெரும்பாலும் வருவார்கள். ராமானுஜன் எனக்குத் தெய்வம். ஒருநாள் 1729 கதையோடு நிறுத்தாமல், அவர் 1915இல் லண்டன் கணிதக் கழக இதழில் எழுதிய உயர் பகு எண்களைப் பற்றியும் சொன்னேன். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்டது உயர் பகு எண். 12க்கு ஆறு காரணிகள்; அதற்குக் கீழே எதற்கும் அத்தனை கிடையாது. 24க்கு எட்டு, 36க்கு ஒன்பது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஆறு லட்சம் கோடியைத் தாண்டியும் அவர் பட்டியல் போட்டார்.

பிளஸ் ஒன் பையன் அவன். பட்டியலை வாங்கிப் போய், புரோகிராம் எழுதிச் சரிபார்த்துவிட்டு வந்தான். "சார், ஒரு எண் விட்டுப்போயிருக்கு சார்."

"ராமானுஜன் விடுவாரா? உன் புரோகிராம்லதான் தப்பு இருக்கும், போய்ப் பாரு."

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நான் தடுக்கவில்லை.

அவன் சொன்ன எண் 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. சரிபார்க்க ஒரு தாள் போதும். 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 என்று அதைப் பிரிக்கலாம். ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 5040 காரணிகள். பட்டியலில் அதற்கு முன்னால் நிற்கும் 240940299600க்கு 4800, பின்னால் நிற்கும் 321253732800க்கு 5376. பட்டியல் முழுமையானது என்றால் இந்த இரண்டுக்கும் நடுவில் 4800க்கு மேல் காரணிகள் கொண்ட எண்ணே இருக்கக் கூடாது. இருக்கிறதே! இதைத்தான் அவன் நோட்டில் எழுதி வந்திருந்தான். நான் நோட்டைத் திறக்கவே இல்லை.

பின்னாளில் அந்த எண் விடுபட்ட செய்தியை அச்சிலேயே படித்தேன். அதனால் ராமானுஜனின் தேற்றங்கள் எதுவும் அசையவில்லை. உயர் பகு எண்ணில் பகா எண்கள் பெரிதாகப் பெரிதாக அடுக்கு ஏறவே ஏறாது என்று அவர் நிறுவியது அப்படியே நிற்கிறது; விடுபட்ட எண்ணும் அதற்குக் கட்டுப்பட்டதுதான். அவர் கட்டுரையில் அச்சேறாமல் கிடந்த பகுதியை 1997இல் குறிப்புகளோடு வெளியிட்டவர்கள் நிக்கோலா, ராபின் என்ற இரு பிரெஞ்சுக் கணித அறிஞர்கள். ராமானுஜன்மேல் அவர்களுக்கு இருந்த மதிப்பு என்னுடையதைவிட உயர்ந்தது. அவர் எழுதியதை அவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். நான் கும்பிட மட்டும் செய்தேன்.

அப்போதும் அந்தப் பையன் அடுத்த தெருவில்தான் இருந்தான். கணக்கை விட்டுவிட்டு வேறு பாடம் எடுத்திருந்தான். வாத்தியார் தப்பு என்று ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் அவன் வீட்டுப் பக்கமே போகாமல் இருந்தேன்.

தம்பி, உன் புரோகிராமில் தவறு இல்லை. நீ கண்டுபிடித்தது சரி. பிள்ளைகள் முன்னால் உன்னை அவமானப்படுத்தியதற்கும், தெரிந்த பிறகும் வாய் திறக்காததற்கும் என்னை மன்னித்துவிடு.