தடைக்காலத்து வீடு சந்திப்பு

கடற்கரைப் பங்குகளில் உறுதிபூசுதல் முடிந்த கையோடு பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்பை விட்டுப் போய்விடுகிறார்கள். ஆயர் வந்து கிறிஸ்மா எண்ணெய் பூசுகிறார், குடும்பத்தோடு படம் எடுக்கிறார்கள், வீட்டில் விருந்து நடக்கிறது. அடுத்த ஞாயிறு பாதி பெஞ்சு காலி. பங்குப்பேரவையில் இந்தப் பேச்சு வந்தாலே பழி செல்போன் மேல் விழும். தூத்துக்குடிக் கடலோரப் பங்கு ஒன்றில் இளையோர் வழிகாட்டியாக இருக்கும் நான் அதை ஏற்பதில்லை. வளரிளம் பிள்ளையோடு வேலை செய்கிறவர் அந்த வீட்டுக்குள் போயிருக்க வேண்டும். போகாமல் நடத்தும் முகாமும் பாட்டுப் போட்டியும் நிற்பதில்லை.

எங்கள் பக்கம் இதற்கென்றே ஒரு காலம் வாய்த்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பள்ளிக்கும் அப்போதுதான் கோடை விடுமுறை. மற்ற மாதங்களில் பிள்ளைகளின் படிப்பு, காய்ச்சல், கோபம் எல்லாவற்றையும் தனியாகச் சுமக்கும் தாயின் பக்கத்தில் அப்போது தகப்பனும் இருப்பார். பதினைந்து வயது மகனும் அவரும் ஒரே வீட்டில் இருந்தும் நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். சாயங்காலம் போய் உட்காருவேன். முதல் சந்திப்பில் கோயில் பேச்சை எடுப்பதில்லை. படகுக் கடனையும் வலை விலையையும் அவர் சொல்லச் சொல்ல, பக்கத்து அறையில் மகன் கேட்டுக்கொண்டிருப்பான். தன் அப்பாவின் கவலையைச் சில பிள்ளைகள் அப்படித்தான் முதல்முறை கேட்கிறார்கள்.

“பத்தாப்பு பரீட்சை முடியட்டும் சார், பெறவு அனுப்புறேன்.” பெரும்பாலான தாய்மார் சொல்வது இது. ஞாயிறு காலையிலும் டியூஷன் இருக்கிறது. இதை விசுவாசக் குறைவு என்று மேடையில் கண்டிப்பவர்கள் அந்தத் தாயின் பயத்தைப் பார்ப்பதில்லை. கடலில் படும் பாடு மகனுக்கும் வரக் கூடாது. அதற்கு அவர் அறிந்த ஒரே வழி மார்க். நேரத்தை மாற்ற வேண்டியது நாம்தான். கூட்டத்தைச் சாயங்காலத் திருப்பலிக்குப் பின் வைத்தால் பிள்ளைகள் வருகிறார்கள்.

1542இல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார், நோயாளிகளின் வீடுகளுக்குத் தாம் போக முடியாதபோது செபம் கற்ற சிறுவர்களை அனுப்பினார். வீட்டாருக்கும் அவர்களே சொல்லிக்கொடுத்தார்கள். தம் கடிதங்களில் அவர் எழுதியது இது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் ‘கிறிஸ்து வாழ்கிறார்’ மடலில், இளையோர் பணியை முன்னின்று செய்ய வேண்டியவர்கள் இளையோரே என்றார். நாமோ திருவிழாவுக்கு நாற்காலி போடவும் தோரணம் கட்டவும் மட்டும் அவர்களைக் கூப்பிடுகிறோம்.

பெல்ஜியத்தில் 1925இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கிய ஜோசப் கார்டைன் காட்டிய முறை எனக்குக் கைகொடுக்கிறது: பார், சீர்தூக்கு, செயல்படு. பாடகர் குழுப் பயிற்சி முடிந்து திரும்பும் தெருவில் விளக்கு எரியவில்லை என்றார்கள் எங்கள் பெண்பிள்ளைகள். எந்தெந்தக் கம்பம் என்று நடந்து குறித்தார்கள், அன்பியக் கூட்டத்தில் பேசினார்கள், மே 1 கிராம சபையில் மனு கொடுத்தார்கள். தடைக்காலம் என்பதால் தகப்பன்மாரும் வந்திருந்தார்கள். மகள் மைக் பிடித்துக் கேள்வி கேட்பதைப் பார்த்த பிறகு, எந்த வீட்டிலும் “பொம்பளப் பிள்ளைக்குக் கூட்டம் எதுக்கு” என்ற பேச்சு எழவில்லை.

பிள்ளைகள் நம்பிச் சொல்வதை எங்கே வைப்பது என்பதுதான் இந்தப் பணியில் மிகக் கடினமான இடம். சண்டை, காதல், அப்பாவின் குடி எதுவும் என் வாய்வழி அடுத்த வீட்டுக்குப் போகாது. ஆனால் உடலுக்கோ உயிருக்கோ ஆபத்தென்றால் மறைக்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். பாலியல் கொடுமை தெரிந்தால் புகார் செய்வது 2012 போக்சோ சட்டப்படி கடமை. செய்தவர் யாராக இருந்தாலும் சரி. பெரியவர் ஒருவர் தனியாக, மூடிய அறையில் பிள்ளையோடு பேசக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

பங்குப்பேரவைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுத் திட்டம் போடும்போது, தடைக்காலத்தில் மற்ற நிகழ்ச்சிகளைக் குறைத்து, அந்த மாலைகளை வீடு சந்திப்புக்கு ஒதுக்கிக் கொடுங்கள். இளையோர் வழிகாட்டிகளை இருவர் இருவராக அனுப்புங்கள்.