கண்ணின் கடமையும் கையின் அறிவும்

மோட்டார் ஓட்டுகிறவருடைய கண்கள், அவர் வண்டியைக் கிளப்பிய கணத்திலிருந்து அதை நிறுத்தும் கணம் வரையில், அவருக்கு மட்டும் உரிய உடைமையாக இருப்பதில்லை. சாலையோரத்தில் புத்தகப் பையோடு நிற்கும் குழந்தைக்கும், கூடையைத் தலையில் ஏந்திக் குறுக்கே கடக்கும் மூதாட்டிக்கும், விளக்கில்லாத சைக்கிளில் வீடு திரும்பும் தொழிலாளிக்கும் அவற்றில் பங்கு உண்டு. அவர்கள் யாரும் அவரோடு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளவில்லை. ஆயினும், வருகிறவர் நம்மைப் பார்த்துக்கொண்டுதான் வருவார் என்ற நம்பிக்கையின் பலத்திலேயே ஒவ்வொருவரும் சாலையில் அடி எடுத்து வைக்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பதே சாரத்தியம் என்னும் தொழிலின் முதல் தர்மம். அண்மைக் காலத்துக் கார்களில் பொத்தான்களையும் திருகு குமிழ்களையும் அகற்றிவிட்டு, அவை செய்துவந்த வேலைகளையெல்லாம் ஒரு தொடுதிரைக்குள் அடக்கிவைக்கும் வழக்கத்தைப் பற்றி எண்ணும்போதெல்லாம், இந்தத் தர்மத்தின் நினைவே என் மனத்தில் முன்வந்து நிற்கிறது.

கைக்கென்று தனியே ஓர் அறிவு இருக்கிறது. அது பழக்கத்தினால் முதிர்ந்து, கண்ணின் துணையை நாடாமல் தன் காரியத்தைத் தானே செய்து முடிக்கும் இயல்புடையது. டேஷ்போர்டில் இருந்த பழைய குமிழ் அந்த அறிவுக்கு ஏற்பவே அமைந்திருந்தது. அது என்றும் ஒரே இடத்தில் இருந்தது; அதற்கென்று ஓர் உருவம் இருந்தது; திருப்பும்போது விரலுக்கு ஒரு சிறு எதிர்ப்பைத் தந்தது; உரிய நிலையை அடைந்ததும் விரல் நுனியில் ஒரு சிறு அதிர்வை எழுப்பி, எண்ணிய காரியம் முடிந்தது என்று அறிவித்தது. தமிழ்நாட்டின் சிற்றூர்களில்கூட இருந்த டைப்ரைட்டிங் வகுப்புகளில், எழுத்துப் பலகையைப் பார்க்காமலே அடிக்கப் பயின்ற பல்லாயிரம் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. கண் மூலப் பிரதியின் மேலேயே நிலைத்திருக்க, விரல்கள் தத்தம் விசைகளைத் தேடாமல் சென்றடைந்ததற்குக் காரணம், அந்த விசைகள் விரலுக்குத் தட்டுப்படும் பொருள்களாக இருந்தமைதான்.

இளமையில், எங்கள் ஊரில் வாடகைக்கு அம்பாஸடர் ஓட்டிவந்த பெரியவர் ஒருவரின் அருகே அமர்ந்து இரவுப் பிரயாணங்கள் செய்திருக்கிறேன். எதிரே லாரி வரும்போது முகப்பு விளக்கைத் தாழ்த்தும் டிப்பர் அந்த வண்டியில் தரையில், கிளட்சுக்கு இடப்புறமாக இருந்தது. அவருடைய இடது கால் அதை அழுத்துவதையும், மழை பிடித்தவுடன் அவருடைய கை இருட்டிலேயே வைப்பர் விசையின்மேல் போய் அமர்வதையும், இவை எல்லாம் நிகழும்போது அவருடைய பார்வை சாலையை விட்டு இம்மியும் அசையாமல் இருப்பதையும் கண்டு வியந்து, "எப்படி மாமா பார்க்காமலே எல்லாத்தையும் போடறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "வண்டிக்குள்ள பார்க்கறதுக்கு என்ன தம்பி இருக்கு? பார்க்க வேண்டியதெல்லாம் ரோட்டுலதான் இருக்கு" என்றார் அவர். சாஸ்திரம் கற்று அவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் இந்தத் துறையின் சாஸ்திரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

அந்தச் சாஸ்திரம் பிறந்த வரலாறும் அறியத்தக்கதே. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, அமெரிக்க ராணுவத்தின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் சில, போரிலிருந்து மீண்டு ஓடுபாதையைத் தொட்ட பின்னர், திடீரென்று சக்கரங்கள் மடங்கி, வயிறு தரையில் உராய விழுந்து சேதமுற்றன. இதனை ஆராய்ந்த அல்போன்ஸ் சப்பானிஸ் என்னும் இளம் உளவியல் அறிஞர், இறக்கையின் மடிப்புகளை இயக்கும் விசையும் சக்கரங்களை இயக்கும் விசையும் ஒரே தோற்றத்தோடு அருகருகே அமைந்திருந்ததையும், களைத்துத் திரும்பிய விமானி ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை இழுத்துவிட நேர்ந்ததையும் கண்டார். சக்கர விசையின் நுனியில் சக்கர வடிவமான ஒரு குமிழும், மடிப்பு விசையின் நுனியில் ஆப்பு வடிவமான ஒரு குமிழும் பொருத்தப்பட்டன, தொட்ட அளவிலேயே கை வேறுபாட்டை அறிந்தது, விபத்துகளும் நீங்கின. இன்று நம்மை ஏற்றிச் செல்லும் பயணி விமானங்களிலும் சக்கர விசையின் நுனி சக்கர வடிவமாகவே இருப்பது அன்று கற்ற பாடத்தின் பயன். வானத்தில் பறப்பவருக்கு அவசியம் என்று கருதப்பட்ட இந்தப் பாதுகாப்பு, ஜனநெருக்கம் மிகுந்த தரையில் ஓட்டுகிறவருக்கு அவசியமில்லை என்று எவ்வாறு முடிவாயிற்று?

தொடுதிரை காருக்குள் நுழைந்தது நாம் நினைப்பதைவிடப் பழைய செய்தி. 1986-ஆம் ஆண்டின் ப்யூக் ரிவியெரா காரிலேயே, அக்காலத்து டெலிவிஷன் பெட்டிகளில் இருந்ததைப் போன்ற படக்குழாயின்மேல் தொடுதிரை ஒன்று அமைத்து, ரேடியோவையும் குளிர்சாதனத்தையும் அதன் வழியாக இயக்கச் செய்தார்கள். சிறு மாற்றத்துக்கும் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது என்று வாங்கியவர்கள் குறை கூறவே, சில ஆண்டுகளில் அந்த நிறுவனமே அதனைக் கைவிட்டது. அதன்பின் கார்களில் வசதிகள் பெருகின. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான் வைப்பதென்றால் டேஷ்போர்டு கொள்ளாது என்ற நிலை வந்தது. 2001-இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம் தன் பெரிய கார் ஒன்றில், திரையைத் தொடாமல் ஒரே குமிழைத் திருப்பி எல்லாவற்றையும் இயக்கும் முறையைக் கொணர்ந்தது இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காகத்தான். 2012-இல் டெஸ்லா மாடல் எஸ் காரில் 17 அங்குலத் திரை வந்தது. 2017-இல் வந்த மாடல் 3 காரிலோ நடுவில் நிற்கும் ஒரு திரையைத் தவிர டேஷ்போர்டில் ஏறக்குறைய வேறொன்றும் இல்லை. அமெரிக்காவில் 2018 மே மாதம் முதல் புதிய கார்கள் அனைத்திலும் பின்புறக் கேமரா இருக்க வேண்டும் என்று சட்டமே விதித்துவிட்டதனால், விலை குறைந்த வண்டியிலும் ஒரு திரை இருந்தாக வேண்டியதாயிற்று.

திரை ஒன்று எப்படியும் இருக்கப் போகிறது என்று ஆனபின், பொத்தான்களைச் செய்வதற்கு வார்ப்பு அச்சுகளும், கம்பி இணைப்புகளும், பொருத்துகிற கூலியும் எதற்காக என்று கணக்குப் பார்க்கிறவர்களுக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. ஒரே திரையைப் பல மாடல்களில் பயன்படுத்தலாம். கார் விற்ற பிறகும் மென்பொருளை மாற்றிப் புது வசதிகள் சேர்க்கலாம். காட்சிக்கூடத்தில் விளக்கொளியில் பார்க்கும்போது பெரிய திரை செல்வத்தின் சின்னமாகவும் புதுமையின் சின்னமாகவும் விளங்கி வாங்குகிறவரைக் கவர்கிறது. இவையெல்லாம் உண்மையான லாபங்களே. ஆனால் இந்த லாபத்தை அடைகிறவர் உற்பத்தியாளர். அதற்கு ஈடாகச் செலவாவது ஓட்டுகிறவரின் அவதானம். அந்த அவதானத்திலோ முன்னே சொன்ன குழந்தைக்கும் மூதாட்டிக்கும் பங்கு இருக்கிறது.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நண்பர் ஒருவரின் புதிய காரில் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறியபோது இந்த உண்மை எனக்குப் பிரத்தியட்சமாயிற்று. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது அந்த மலைப்பாதை. பாதி மலை ஏறியதும் மழையும் மூடுபனியும் ஒருங்கே சூழ்ந்தன. உள்ளே நால்வர் விட்ட மூச்சின் ஈரம் குளிர்ந்த முன்கண்ணாடியில் படிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதை வெண்திரைக்குப் பின்னே மறைந்தது. உலர்ந்த காற்றைக் கண்ணாடியின்மேல் செலுத்தினால் சில நொடிகளில் அது தெளிந்துவிடும். பழைய வண்டியாக இருந்தால் ஒரு குமிழைத் திருப்புவதோடு வேலை முடிந்திருக்கும். இந்த வண்டியிலோ திரையில் ஓடிக்கொண்டிருந்த வரைபடத்தை விலக்கி, குளிர்சாதனத்தின் பக்கத்தை வரவழைத்து, அதற்குள் காற்றின் திசையைக் காட்டும் சிறு சித்திரத்தைத் தேட வேண்டியிருந்தது. வண்டி குலுங்கும்போது விரல் வேறொரு சித்திரத்தின்மேல் பட்டு வேறொரு பக்கம் திறந்தது. எதிரே பஸ் ஒன்றின் ஹாரன் கேட்டது. நண்பர் மிக நிதானமானவர். தேடுவதை உடனே நிறுத்தி, கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஊர்ந்து சென்று, பாதை அகன்ற ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினார். பாதை எங்கே இருக்கிறது என்பதே தெரியாத அந்த வேளையில், கண்ணைப் பாதையிலிருந்து எடுத்தால்தான் பாதையைக் காணலாம் என்று ஒரு யந்திரம் விதிக்குமானால், அதன் அமைப்பில் ஆதாரமான குற்றம் ஒன்று இருக்கிறது என்பதே அன்று நான் கொண்ட முடிவு.

இது ஒருவருடைய தனி அனுபவம் மட்டுமன்று. ஸ்வீடன் நாட்டின் 'வீ பீலாகரே' என்னும் மோட்டார்ப் பத்திரிகை 2022-இல் ஒரு சோதனை நடத்தியது. பழகிக்கொள்ள முன்கூட்டியே அவகாசம் தந்து, மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே குளிர்சாதனம், ரேடியோ முதலியவற்றில் குறித்த சில மாற்றங்களைச் செய்யச் சொன்னார்கள். பொத்தான்களே நிறைந்த 2005-ஆம் ஆண்டு வால்வோ வி70 காரில் அவ்வேலைகள் 10 விநாடிகளில், 306 மீட்டர் தூரத்தில் முடிந்துவிட்டன. சோதனைக்கு வந்த புதிய கார்களில் கடைசியாக நின்ற ஒன்றிலோ 44.9 விநாடிகள் ஆயின. அதற்குள் வண்டி 1,372 மீட்டர் ஓடிவிட்டது. மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்லும் கார் இரண்டு விநாடிகளில் 44 மீட்டர் கடக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், ஒருமுறை கண்ணைத் தாழ்த்துவதன் விலை என்னவென்று விளங்கும். ஒருமுறை பார்வையை விலக்கும் நேரம் இரண்டு விநாடிகளையும், ஒரு வேலை முழுவதற்கும் ஆகும் பார்வை நேரம் 12 விநாடிகளையும் தாண்டலாகாது என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2013-இலேயே நெறி வகுத்ததும் இக்காரணம் பற்றியே.

ஜெர்மனியில் டெஸ்லா கார் ஓட்டிய ஒருவர், கடும் மழையில் வைப்பரின் வேகத்தைத் திரையில் மாற்ற முயன்றபோது வண்டி சாலையை விட்டு விலகி மரங்களில் மோதியது. ஓட்டும்போது கைபேசியைக் கையாளுவதற்கு என்ன விதியோ அதே விதி காரின் சொந்தத் திரைக்கும் பொருந்தும் என்று கார்ல்ஸ்ரூ உயர் நீதிமன்றம் 2020-இல் தீர்ப்புக் கூறி, 200 யூரோ அபராதத்தையும் ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடையையும் உறுதி செய்தது. சட்டத்தின் நோக்கில் அது நியாயமான தீர்ப்பே. ஆனால் மழையில் வைப்பரை இயக்குவது ஓட்டுகிறவரின் கடமை. அந்தக் கடமையைச் செய்யும் வழியே குற்றமாகும்படி ஒரு கருவி அமைந்திருந்தால், அபராதம் கட்டியவரோடு பொறுப்பு முடிந்துவிடுமா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

கடலிலும் இதே பாடம் பெரும் விலை கொடுத்துக் கற்கப்பட்டது. 2017 ஆகஸ்ட் 21-ஆம் தேதி விடியற்காலையில், சிங்கப்பூர் அருகே அமெரிக்காவின் ஜான் எஸ். மெக்கெய்ன் என்னும் போர்க்கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதி, மாலுமிகள் பத்துப் பேர் உயிரிழந்தனர். தொடுதிரையில் சுக்கானின் பொறுப்பு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாறியதும், ஒருங்கே இயங்க வேண்டிய இரு வேக விசைகள் பிரிந்து ஒருபுறச் சுழலி மட்டும் வேகம் குறைந்ததும் அங்கிருந்தவர்களுக்கு விளங்கவில்லை. பயிற்சிக் குறைவும் ஒரு காரணமென்று விசாரணை கண்டது உண்மை. எனினும், விசாரணைகளின் பின் அந்தக் கடற்படை, வேகத்தைக் கட்டுப்படுத்தத் திரைகளை விட்டுக் கையால் பற்றித் தள்ளும் பழைய விசைகளுக்கே திரும்புவதென்று தீர்மானித்தது. அத்தகைய விசையாக இருந்தால், அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பற்றியிருக்கும் கையே அறிந்துகொள்ளும்.

திரையே கூடாது என்பது என் அபிப்பிராயமன்று. அறியாத ஊரில் வழிகாட்டும் வரைபடத்துக்கும், பின்னால் விளையாடும் குழந்தையைக் காட்டும் கேமராவுக்கும் திரையைவிடச் சிறந்த சாதனம் இல்லை. இருக்கையின் அமைப்பு, கடிகாரத்தின் நேரம், தொலைபேசியோடு இணைப்பு முதலிய, வண்டி நிற்கும்போது ஒருமுறை செய்துவிட்டு மறக்கத்தக்க காரியங்கள் எல்லாம் திரைக்குள் இருப்பதே முறை. வாயால் சொன்னால் வண்டி கேட்கும் என்கிறார்கள், அதுவும் நல்லதே, ஆயினும், ஹாரன் ஒலிகளும் குழந்தைகளின் பேச்சும் நிறைந்த நம் கார்களில் ஆபத்துக் காலத்தில் நம்பத்தக்க துணையாக அதை இன்னும் கொள்ள முடியவில்லை. ஓடும்போது அவசரமாகத் தேவைப்படுவது எது, நிற்கும்போது செய்யத்தக்கது எது என்று பிரித்தறியும் விவேகம் ஒன்றே இங்கு வேண்டுவது. முன்னது கைக்கு உரியது. பின்னதைக் கண்ணுக்கு விட்டுவிடலாம்.

இந்த விவேகம் மெல்லத் திரும்பிவருவதற்கு அறிகுறிகள் தெரிகின்றன. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை அளந்து நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பு, 2026-ஆம் ஆண்டு விதிகளின்படி, இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையால் இயக்கும் தனி விசை இருப்பதை மதிப்பெண்ணுக்கு உரியதாக்கியிருக்கிறது. எட்டாம் தலைமுறை கோல்ஃப் காரில் ஒலியளவையும் வெப்பத்தையும் மாற்றும் இடங்களை, இரவில் ஒளிராத தொடுபட்டைகளாக அமைத்துக் கண்டனம் பெற்ற ஃபோக்ஸ்வாகன் நிறுவனம், முக்கியமான வேலைகளுக்கு இனி உண்மையான பொத்தான்களையே வைப்பதாக அறிவித்துவிட்டது. நம் நாட்டிலும், வண்டி ஓட்டும்போது கைபேசியைக் கையில் எடுத்து உபயோகிப்பதை ஆபத்தாக ஓட்டும் குற்றமாக 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் கருதுகிறது. 2023 முதல் பாரத் என்கேப் என்னும் நட்சத்திர மதிப்பீடும் நடந்துவருகிறது. மோதிய பின் உயிர் பிழைப்பதற்கு அளவுகோல் வகுப்பது போலவே, மோதாமல் இருப்பதற்கு உதவும் பொத்தானுக்கும் அந்த மதிப்பீட்டில் உரிய இடம் தரப்பட வேண்டும். ஓட்டுநர்களுடைய சங்கங்களும் பத்திரிகைகளும் இதை வலியுறுத்துவது பொதுநலத் தொண்டாகும்.

புதுக் கார் வாங்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. காட்சிக்கூடத்தில் நிற்கும் வண்டியில் அமர்ந்து, எதிரே உள்ள சுவரில் பார்வையைப் பதித்து, அதை அசைக்காமலே வைப்பரைப் போடுங்கள், கண்ணாடியின்மேல் காற்றைத் திருப்புங்கள், விசிறியைக் கூட்டுங்கள், பாட்டின் ஒலியைக் குறையுங்கள், அபாய விளக்கை எரியவிடுங்கள். கொஞ்சம் பழகியும் கைக்கு இவை அகப்படவில்லை என்றால், எவ்வளவு அழகிய வண்டியாயினும் அதை வாங்காதீர்கள். வாங்காத காரணத்தையும் விற்கிறவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டு வாருங்கள். உற்பத்தியாளரின் செவிக்கு மிக விரைவில் எட்டும் குரல் அதுவே.