எர்த் பட்டையைப் பாருங்கள்

பழைய வண்டி காலையில் செல்ஃப் எடுக்காமல் 'டிக் டிக்' என்றால் முதலில் பேட்டரியைத்தான் திட்டுவோம். புதுப் பேட்டரி போட்டாலும் அதே சத்தம். அடுத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவார்கள். நெகட்டிவ் டெர்மினலிலிருந்து சேஸிசுக்குப் போகும் எர்த் பட்டையைக் குனிந்து பார்க்க ஆளில்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் பச்சைத் தோல் லோடு அடிக்கும் வண்டிகளுக்கு இந்தக் கோளாறு சீக்கிரமே வரும். தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் உப்பு போடுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாகச் சொட்டிச் சேஸிசில் இறங்கும். தோல் ஆலைக் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்டு, 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனதில் இந்த உப்புக்கும் பங்குண்டு. இரும்பை விட்டுவைக்குமா?

விளக்கோ செல்ஃபோ, கரண்ட் போவது ஒயரில். திரும்புவது பெரும்பாலும் சேஸிஸ் வழியாக. எர்த் பட்டையை இறுக்கும் போல்ட்டுக்கடியில் துரு ஏறினால் வழி அடைபடும். செல்ஃப் 200 ஆம்பியர் இழுக்கையில் 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே போய்விடும். 12 வோல்ட் வண்டி அதைத் தாங்காது. இன்ஜின் எர்த் அறவே விட்டுப்போனால் கரண்ட் ஆக்ஸிலேட்டர் கேபிள், சோக் கேபிள் வழியாகப் பாய்ந்து அவை சூடேறிப் புகையும். பழைய அம்பாசடர் ஓட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஆம்பூரில் ஒரு எலக்ட்ரீஷியன் பழைய மினி லாரியைப் பார்த்தபோது பக்கத்தில் நின்றிருந்தேன். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, "செல்ஃப் அடி தம்பி" என்றார். ஒன்றரை வோல்ட் காட்டியது. அரை வோல்ட்டைத் தாண்டினாலே கோளாறுதான். போல்ட்டைக் கழற்றினார். பட்டையின் கண்ணில் பச்சைக் களிம்பு. அடியில் துருப் பொருக்கு. அதற்கும் அடியில் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்காக அடித்த பெயிண்ட்! உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தார். புது வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசினார். அடுத்த செல்ஃபில் வண்டி ஸ்டார்ட் ஆனது.

செல்ஃப் எடுக்காவிட்டால் தள்ளியாவது கிளப்பலாம். டெயில் லேம்ப்புக்கு எர்த் விட்டுப்போய், சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் இருட்டோடு இருட்டாக நிற்கும் லாரியை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது. பிரேக்கை மிதிக்கும்போது இண்டிகேட்டரும் மங்கலாக எரிந்தால் அந்த எர்த் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.

வண்டி வைத்திருப்பவர்களே, லோடு இறக்கிய கையோடு சேஸிசை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். எஃப்.சி.க்கு விடும்போது பெயிண்டரிடம் எர்த் போல்ட்டுகளைக் காட்டி, அங்கே பிரஷ் படக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.