எண்ணெய் விளக்கு

எழுத்தாளன் கார் வைத்துக்கொள்வதே அதிகப் பிரசங்கித்தனம் என்று நினைக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. என் காரைப் பார்த்ததும் அவர்கள் சமாதானம் அடைந்துவிடுவார்கள். அது 2004-ம் வருஷத்து மாருதி 800. அப்பா வாங்கியது. அந்த மாடலைச் செய்வதையே கம்பெனி 2014-ல் நிறுத்திவிட்டது. அப்பாவும் இப்போது இல்லை. வண்டி மட்டும் எங்களோடு இருக்கிறது.

சென்ற வருஷம் அதைக் கும்பகோணத்தில் ஓர் ஒர்க் ஷாப்பில் எஞ்சின் ஆயில் மாற்றக் கொடுத்தேன். பழைய எண்ணெயை அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றி வடித்துவிட்டு, போல்ட்டை மறுபடி முடுக்கி, மேலே புது எண்ணெயை ஊற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பில் 1,850 ரூபாய்.

மறுநாள் காலை தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் பேச வேண்டியிருந்தது. தனியாகத்தான் புறப்பட்டேன். சுந்தரப்பெருமாள்கோயில் தாண்டியதும் எதிரே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. எண்ணெய்க் குவளை மாதிரி படம் போட்ட விளக்கு. அதை நான் பார்க்கவில்லை என்று எழுதிவிட ஆசைதான். ஆனால் பார்த்தேன். அப்போது நான் எழுதிக்கொண்டிருந்த நாவலின் கதாநாயகி, கல்யாணத்துக்குச் சம்மதிப்பதா வேண்டாமா என்ற பெரிய யோசனையில் இருந்தாள். அவளை நடுவழியில் விட்டுவிட மனம் வரவில்லை. 'பழைய வண்டி, ஏதாவது ஒரு விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்' என்று எண்ணி மேலும் மூன்று கிலோமீட்டர் ஓட்டினேன். பாபநாசத்துக்குச் சற்று முன்னால் இரும்பை இரும்பு கடிப்பது போல் ஒரு சத்தம். வண்டி நின்றது. நின்றதுதான்.

பாபநாசத்திலிருந்து வந்த ஒரு மெக்கானிக் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஆயில் போல்ட்டே இல்லைங்க. கையால திருகினதோட விட்டிருக்காங்க. ஸ்பானர் படவே இல்லை. ஆயில் எல்லாம் ரோட்டுக்குப் போயிடுச்சு."

எண்ணெய் இல்லாத எஞ்சின் தன்னையே அரைத்துக்கொள்ளும். சூடேறிப் பாகங்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும் என்று அன்று தெரிந்துகொண்டேன். சரிசெய்ய 34,000 ரூபாய் ஆகும் என்று ஐட்டம் ஐட்டமாக எழுதிக் கொடுத்தார். வண்டியைக் கட்டி இழுத்துவர 2,500 ரூபாய். போல்ட் இல்லாத துளையைப் பல பக்கங்களிலிருந்தும் படம் எடுத்துக்கொண்டு ஒர்க் ஷாப்புக்குப் போனேன்.

முதலாளி கெட்ட மனிதர் அல்ல. முதலில் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். பிறகு, "வண்டி பழசு சார். வழியில எது வேணும்னாலும் கழலும்" என்றார். பிறகு பில்லின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 'வாகனங்கள் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் விடப்படுகின்றன' என்று அச்சடித்திருந்தது. நான் படங்களை மேஜைமேல் பரப்பியதும் அவர் குரல் மாறிற்று.

"பையன் இறுக்காம விட்டிருப்பான். வேணும்னா அவன் சம்பளத்துல மாசம் ஆயிரமாப் பிடிச்சுத் தர்றேன்."

பையன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். பத்தொன்பது வயது இருக்கும். கையில் இருந்த கரித்துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான். எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

சட்டம் படித்தவன் அல்ல நான். வக்கீல் நண்பர் ஒருவரிடம் போனேன். அவர் சொன்னதைக் கேட்டபோது, நம் பெரியவர்கள் அடைக்கலப் பொருள் என்று சொன்னதைத்தான் சட்டமும் சொல்கிறது என்று தோன்றிற்று. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 151-ம் பிரிவு அது. ஒரு வேலைக்காகப் பிறர் பொருளைக் கையில் வாங்கியவன், சாதாரண விவேகமுள்ள மனிதன் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வானோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலைக்காரன் வேலையில் செய்த தவறுக்கு வாடிக்கையாளரிடம் பதில் சொல்ல வேண்டியவர் முதலாளி. பையன் சம்பளத்தைப் பற்றிய பேச்சே என்னிடம் எழுந்திருக்கக் கூடாது.

பின்பக்கத்து அச்சு வாசகம்? அதற்கும் வழி இருந்தது. 1998-ல் டில்லியில் ஒரு ஹோட்டல் வாசலில் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனவரின் கார் களவு போயிற்று. சீட்டில் 'உரிமையாளர் பொறுப்பு' என்றுதான் போட்டிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019 நவம்பரில் தீர்ந்தது. வண்டியை வாங்கி வைத்துக்கொண்டவர்கள் தங்கள் அஜாக்கிரதைக்கு இந்த மாதிரி வாசகத்தைப் போர்வையாகப் போர்த்திக்கொள்ள முடியாது என்று தீர்ப்பாயிற்று. இருபத்தொரு வருஷம் ஆனாலும் நல்ல தீர்ப்பு.

எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. நண்பர் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைச் சொன்னார். 1986-ல் வந்து, 2019-ல் புதிதாக எழுதப்பட்டது. குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். என் மாதிரி சின்ன பில்லுக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. முதலில் கடைக்காரருக்கு ஒரு நோட்டீஸ்; பில், படங்கள், வேறு மெக்கானிக்கின் எழுத்து, இழுத்துவந்த ரசீது எல்லாம் பத்திரம். 1915 என்ற தொலைபேசி எண்ணில் யோசனை கேட்கலாம். மனுவை வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டர் வழியாகவும் அனுப்பலாம்.

மனு எழுத உட்கார்ந்தேன். கையில் பேனா கிடைத்தால் நாவலாசிரியன் சும்மா இருப்பானா? கொளுத்தும் வெயில் வந்தது. காத்திருந்த கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். அப்பாவின் நினைவு வந்தது. கடைசியில் மன உளைச்சலுக்கு ஒரு லட்ச ரூபாய் வந்தது. மனைவியிடம் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, அந்த விளக்கு எரிஞ்சதே, அது எங்கே?"

அவளிடம் அன்று இரவே அதைச் சொல்லித் தொலைத்திருந்தேன். வக்கீல் நண்பரிடம் ஓடினேன். அவர் சிரித்தார். "கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். நீயாக ஏன் எழுதுகிறாய்?" என்றார். ஆனால் நேர்மையானவர், அடுத்த பிரிவையும் சொல்லிவிட்டார். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 73-ம் பிரிவு. நஷ்டத்தைக் கணக்கிடும்போது, அதைத் தடுத்துக்கொள்ள நஷ்டப்பட்டவனிடம் என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். எனக்கு இருந்த வழி, பிரேக்கை மிதிப்பது.

வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது என்று மனுவில் குறிக்க வேண்டி, டாஷ்போர்டு பெட்டியில் அப்பாவின் நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பெட்ரோல், காற்று, பஞ்சர் எல்லாம் தேதி வாரியாக எழுதியிருந்தார். நடுவில் ஒரு வரி: 'இடது கதவில் கீறல். என் அஜாக்கிரதை.' பார்ப்பதற்கு ஒருவரும் இல்லாத நோட்டில் அதை எழுத அவருக்கு என்ன அவசியம்? வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பாபநாசம் மெக்கானிக்கிடம் கேட்டேன். விளக்கு எரிந்த உடனே நிறுத்தியிருந்தால் எது மிஞ்சியிருக்கும்? அவர் பட்டியலை எடுத்து, கிராங்க் வேலைக்கு எதிரே போட்டிருந்த 9,000 ரூபாயைச் சுழித்தார். "இது பிழைச்சிருக்குங்க."

மனுவைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். வெயிலும் மாணவர்களும் போனார்கள். மன உளைச்சல் போயிற்று. விளக்கும் மூன்று கிலோமீட்டரும் வந்தன. ரிப்பேர் 34,000, என் பங்கு 9,000 கழித்தால் 25,000, இழுத்துவந்தது 2,500. ஆக 27,500 ரூபாய். ஒரு பக்கத்துக்குமேல் போகவில்லை. நான் எழுதியவற்றில் மிகச் சிறியது அதுதான்.

நோட்டீஸுக்குப் பதில் வரவில்லை. மனுவைத் தஞ்சாவூர் ஆணையத்துக்கு அனுப்பினேன். முதல் விசாரணையில், சமரசம் பேசிப் பார்க்கச் சம்மதமா என்று இரு தரப்பையும் கேட்டார்கள். சட்டமே அதற்கு இடம் வைத்திருக்கிறது. சம்மதித்தோம். பேச உட்கார்ந்த அறையில் ஒர்க் ஷாப் முதலாளி என் மனுவின் நகலை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"விளக்கு எரிஞ்சும் ஓட்டினீங்கன்னு சொல்லித்தான் சார் எங்க வக்கீல் வாதாடறதா இருந்தார். நீங்களே எழுதிட்டீங்களே!" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பையன் முடிச்ச வேலையை நான்தான் ஒரு தடவை பார்த்துட்டு அனுப்பணும். அன்னைக்கு போன்ல பேசிக்கிட்டு இருந்துட்டேன்."

27,500 ரூபாயை இரண்டு தவணையில் கொடுத்தார். பையன் சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். தலையை ஆட்டினார். மறுபடி ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது பையன் இருந்தான். போல்ட்டை இறுக்கிய பிறகு அதன்மேல் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தான். கழன்றால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

நஷ்டஈடு கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கேட்காமல் விட்டால் அடுத்தவர் வண்டியிலும் அதே போல்ட் தளர்ந்துதான் இருக்கும். ஆனால் அது ஒரு கணக்கு. கணக்கில் நம் பற்றையும் எழுதினால்தான் வரவு நிலைக்கிறது. 9,000 ரூபாயை நான் இழந்ததாக வக்கீல் நண்பர் இன்றும் சொல்கிறார். அப்பாவின் நோட்டில் அதை என் அஜாக்கிரதை என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அந்தக் கதாநாயகி கடைசியில் கல்யாணத்துக்குச் சம்மதித்துவிட்டாள். சுந்தரப்பெருமாள்கோயிலிலேயே நான் வண்டியை ஓரம் கட்டியிருந்தாலும் சம்மதித்திருப்பாள். கதாநாயகிகள் காத்திருப்பார்கள். எண்ணெய் விளக்கு எரிந்தால் நீங்கள் முதலில் வண்டியை நிறுத்துங்கள்.