கையளித்தேனா, கைவிட்டேனா?

“எல்லாரும் புக்கை பாஸ் அப் பண்ணுங்க!”

கிள்ளானில் நான் படித்த பள்ளியில் ஆங்கில ஆசிரியை இப்படிச் சொன்னதும், கடைசி வரிசையிலிருந்து நோட்டுப் புத்தகங்கள் கைமாறிக் கைமாறி அவர் மேசைக்குப் போய்விடும். ‘பாஸ் அப்’ என்றால் ஒப்படைப்பது. எங்களில் யாருக்கும் அதில் சந்தேகமே வந்ததில்லை.

ஊடகத் துறையில் பட்டம் பெற்ற கையோடு, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் ஒலிபரப்புப் பயிற்சிக்கு ‘ஆஃபர்’ கடிதம் வந்தது. அதில் அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். லாரி ஓட்டும் அவர் வெள்ளிக்கிழமைதான் வீடு திரும்புவார். ‘வெள்ளிக்கிழமைக்குள் ஆஃபரை பாஸ் அப் செய்கிறேன்’ என்று ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பினேன்.

அப்பா வந்தார், குளிக்கக்கூடப் போகாமல் கையெழுத்துப் போட்டார். கடிதத்தை அனுப்பினேன். பதில் வந்தது: “உங்கள் முடிவை மதித்து, இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்.”

என் முடிவா? அகராதியைப் புரட்டியபோதுதான் புரிந்தது. இங்கிலாந்துக்காரர்களுக்கு ‘பாஸ் அப்’ என்றால் தேடி வந்த வாய்ப்பை வேண்டாம் என்று விடுவது. ஒப்படைப்பதற்கு அவர்கள் சொல்வது ‘ஹேண்ட் இன்’ அல்லது ‘சப்மிட்’. நம் அர்த்தம் மலேசிய, சிங்கப்பூர் வகுப்பறைகளில் வளர்ந்தது. இந்தியாவிலும் இப்படி ஒன்று உண்டு. “காலேஜ் பாஸ் அவுட் ஆயிட்டேன்” என்று சென்னைக்காரர் பெருமையாகச் சொன்னால், லண்டன்காரர் மயங்கி விழுந்துவிட்டாரோ என்று பதறக்கூடும்.

தமிழிலும் இந்த வித்தை இருக்கிறது. கையளித்தால் ஒப்படைப்பு, கைவிட்டால் துறப்பு, கைகொடுத்தால் உதவி, கைகூடினால் வெற்றி. கை ஒன்றுதான், ஒட்டும் சொல்தான் பொருளை மாற்றுகிறது. நான் கையளிப்பதாக நினைத்து எழுதியதை அவர்கள் கைவிட்டதாகப் படித்திருக்கிறார்கள்.

அப்பா திட்டவில்லை. “ரெண்டே சொல்லுதானம்மா, இவ்வளவு வேலை செய்யுமா?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் ஒலிவாங்கி முன் உட்காரும்போதெல்லாம் கூடவே வந்து உட்கார்கிறது. பிரிக்பீல்ட்ஸில் வேலை தேடும் தம்பி தங்கைகள் விண்ணப்பக் கடிதத்தைக் காட்டினால், முதலில் இந்தச் சொல் இருக்கிறதா என்றுதான் தேடுகிறேன்.

போன வாரம் என் மகள் பள்ளிவிட்டு வந்து, “ஹோம்வொர்க் பாஸ் அப் பண்ணிட்டேன்மா” என்றாள். திருத்தவில்லை. அவள் வகுப்பில் அது சரியான சொல்தான். “கடிதம் எழுதும்போது மட்டும் ‘சப்மிட்’னு எழுதணும்” என்றேன்.

“ஏன்மா?”

தாத்தாவின் கையெழுத்திருக்கும் அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டினேன்.